பூணூலும் பந்தியும்: 1623 ஆணையைக் கலாத்தியர் திருமுகத்தோடு வாசித்தல்

திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623 சனவரி 31 அன்று வெளியிட்ட ஆணையை, மதுரை மறைப்பணியில் இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலிக்குக் கிடைத்த வெற்றியாகவே ஆய்வாளர் பலரும் கொண்டுள்ளனர். பூணூலும் குடுமியும் சந்தனமும் நீராடலும் குல வழக்கங்களே, சமயச் சடங்குகள் அல்ல என்ற அவரது வாதத்துக்கு உரோமை இடம் கொடுத்தது. இந்த வாசிப்பு தவறன்று. ஆனால் அது ஆணையின் இறுதிப் பகுதியைச் சம்பிரதாய முடிவுரை என்று தள்ளிவிடுகிறது. என் மறுப்பு அங்கேதான் தொடங்குகிறது.

பூணூல் பற்றிய பகுதி நிபந்தனைகளால் நிரம்பியது. கோயிலில் அணியக் கூடாது. பிற சமயத்தார் கையால் பெறக் கூடாது. கத்தோலிக்கக் குருவே புனித நீர் தெளித்து, மந்திரித்துத் தர வேண்டும். இறுதிப் பகுதியின் குரல் வேறு. குலப்பெருமை கொண்டோர் எளியோரை இகழ வேண்டாம், இறைவார்த்தையைக் கேட்கும்போதும் அருளடையாளங்களைப் பெறும்போதும் அவர்களை ஒதுக்க வேண்டாம் என்று திருத்தந்தை இறைஞ்சுகிறார். நூலுக்குச் சட்டம், பந்திக்கு வேண்டுகோள் மட்டுமே.

பவுலிடம் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. அவர் திமொத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்தார். தீத்துவுக்கு அதைச் செய்ய இணங்கவில்லை. உடல் அடையாளத்தில் அவருக்கு நெகிழ்வு உண்டு. பந்தியில் இல்லை. கலாத்தியர் திருமுகம் சொல்வதுபோல், அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு உண்டுவந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் விலகிக்கொண்டபோது, பவுல் அவரை நேருக்கு நேராகக் கண்டித்தார். சட்டப்படி பார்த்தால், பிற இனத்தாரோடு உண்டதே பேதுருவின் குற்றம். பவுலோ, இடித்ததை மீண்டும் கட்டுகிறவனே சட்டத்தை மீறுகிறவன் என்கிறார். புதிய உடன்படிக்கையில் பாவத்தின் இடமே மாறிவிடுகிறது: அருள் கூட்டிவைத்தவர்களைப் பிரிப்பது பாவம்.

மோசேயின் சட்டம் இறைவன் தந்தது, பூணூல் அப்படியன்று, ஆகவே ஒப்பீடு செல்லாது எனலாம். ஆனால் பிற இனத்தாராயிருந்த கலாத்தியர் யூத நாள்களையும் மாதங்களையும் கைக்கொண்டதைப் பழைய அடிமைத்தனத்துக்குத் திரும்புவதாகவே பவுல் கண்டார்; இரண்டையும் அவரே ஒரு நிலையில் வைக்கிறார். அதற்கு மேல் இந்தத் தடையை நீட்ட வேண்டியதில்லை.

கிரகோரி கலாத்தியர் திருமுகத்தை மனத்தில் வைத்தே இறைஞ்சினார் என்று ஆணையின் சொற்களை மட்டும் கொண்டு நிறுவ முடியாது. அவ்வளவு தூரம் நான் போகவில்லை. ஆனால் அருளின் கேள்வியை அந்த ஆவணம் நேராகத் தொடும் இடம் அந்த இறைஞ்சல்தான். அதை ஓரங்கட்டிவிட்டு ஆணையைப் பண்பாட்டு இசைவின் சாசனமாக்குவது, பேதுரு எழுந்து போன பந்தியைப் பார்க்காமல் அவரது உடையை மட்டும் ஆராய்வதற்கு ஒப்பாகும்.

வேண்டுகோள் சட்டமாகாததன் விளைவை மதுரைப் பணியே காட்டியது. 1640 முதல் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கெனப் பண்டாரசாமிகள் என்ற தனிக் குருக்கள் ஏற்பட்டனர். நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் ஆலயத்துக்குள் வேளாளரையும் நாடாரையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1910-இல் அது இடிக்கப்பட்டபோது, பிரிவினையை உரிமையாகக் கோரி வேளாளத் தரப்பினர் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர் நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை.