'லாக் இன்' செய்யும்போது என்ன நடக்கிறது?

கணினியைத் திறந்ததும் 'லாக் இன்' செய்கிறீர்கள். 'இன்' என்றால் உள்ளே. 'லாக்' என்றால்? தமிழில் எழுதினால் பூட்டு போலத் தெரியும். ஆனால் இது வேறு சொல். இதன் பொருள் மரக்கட்டை!

16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய மாலுமிகள் கப்பலின் வேகத்தை அளக்க, கயிற்றில் கட்டிய மரக்கட்டையைக் கடலில் வீசினார்கள். பின்னர் அந்தக் கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள் போட்டார்கள். மணற்கடிகாரம் ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைக் கடந்து போகின்றன என்று எண்ணினார்கள். கப்பலின் வேகத்தை இன்றும் 'நாட்', அதாவது முடிச்சு, என்று சொல்வது அதனால்தான். அந்தக் கணக்கை எழுதி வைத்த ஏடு 'லாக் புக்' ஆனது. நாளடைவில் மற்றப் பதிவேடுகளுக்கும் 'லாக்' என்ற பெயர் வந்தது.

1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு, பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் சி.டி.எஸ்.எஸ். அமைப்பை இயக்கிக் காட்டியது. அப்போது கணினி நேரம் அரிய பொருள். யார் எவ்வளவு நேரம் எடுத்தார் என்று கணக்கு வைக்க வேண்டும். அதனால் அந்த அமைப்பில் வேலையைத் தொடங்க 'லாகின்' என்று தட்டி, கடவுச்சொல்லும் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆக, லாக் இன் என்பது நுழைவது மட்டுமல்ல. பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறுவதும்தான். 'உள்நுழை' என்ற சொல் பாதியைத்தான் சொல்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் வழங்கிய 'புகுபதிகை' இரண்டையும் சொல்கிறது: புகுதல், பதிதல். லாக் அவுட்டுக்கு 'விடுபதிகை'.

நூலகக் கணினியில் விடுபதியாமல் எழுந்து போனால், அடுத்து அமர்பவர் செய்வதெல்லாம் உங்கள் பெயரிலேயே பதிவாகும்.