ஒருவர் விழுந்தால் அது யார் கணக்கு?

குவாரியில் பாறை சரிந்து பத்துப் பேர் இறந்தால் அது தலைப்புச் செய்தி. அமைச்சர் வருவார், நிவாரணம் அறிவிப்பார்கள். லோடு ஏற்றிய டிப்பரின் மேலே தார்பாய் கட்ட ஏறிய ஒருவர் விழுந்து இறந்தால்? "கால் தவறி விழுந்தார்" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரியில் குற்றவாளி யார் என்று பாருங்கள். இறந்தவரின் கால்!

அந்தக் கால் ஏன் அங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. லோடைச் சமன் செய்ய, தார்பாய் இழுத்துக் கட்ட, கண்ணாடி துடைக்க, என்ஜினைப் பார்க்க என்று நாள் முழுவதும் வண்டி மேல் ஏறி இறங்கும் வேலை கிளீனருக்கும் லோடு ஆட்களுக்கும்தான். பெரிய சுரங்கங்களில் ஓடும் டம்பர்களின் கேபினோ மாடி உயரத்தில் இருக்கும். படியில் சேறு, கைப்பிடி உடைந்திருக்கும், இரவு ஷிப்டில் வெளிச்சம் போதாது, அடுத்த நடைக்கு மேஸ்திரி அவசரப்படுத்துவார். இவற்றில் ஒன்றுகூட விதி அல்ல. எல்லாமே மனிதர்கள் செய்த ஏற்பாடு.

சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தானாக வந்ததில்லை. 1897இல் கோலார் தங்கவயலில் நடந்த விபத்தில் 52 பேர் இறந்தார்கள். பலுசிஸ்தானின் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்க விபத்தில் 47 பேர் இறந்தார்கள். இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் 1901இல் முதல் சுரங்கச் சட்டம் வந்தது, 1902இல் கல்கத்தாவில் சுரங்க ஆய்வு அலுவலகம் திறக்கப்பட்டது. இன்று தன்பாத்தில் இருக்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தின் தொடக்கம் அது. தங்கவயலின் ஆழத்தில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து போன ஒடுக்கப்பட்ட மக்கள். இந்த நாட்டின் சுரங்கச் சட்டத்தின் முதல் பக்கத்தில் நம் மக்களின் ரத்தமும் இருக்கிறது.

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை அண்ணல் அம்பேத்கரிடம் இருந்தது. 1943 டிசம்பரில் அவர் தன்பாத் நிலக்கரிப் பகுதிக்கு நேரில் போய்ச் சுரங்கத்தைப் பார்த்தார். அடுத்த மாதமே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. நிலக்கரி மீது தீர்வை விதித்து அந்தப் பணத்தில் தொழிலாளிக்கு வீடு, குடிநீர், மருத்துவம். தொழிலாளியின் உயிருக்கும் நலத்துக்கும் ஆகும் செலவு முதலாளியின் தருமம் அல்ல, அந்தத் தொழிலே சுமக்க வேண்டிய கணக்கு என்பதுதான் இதன் பொருள்.

சுதந்திர இந்தியாவின் 1952 சுரங்கச் சட்டம் பாதுகாப்புப் பொறுப்பை உரிமையாளர், முகவர், மேலாளர் தலையில் வைத்தது. ஆனால் அந்தச் சட்டத்தையும் அதன் விதிகளையும் எண்களை மட்டும் பார்த்து ஒருமுறை படியுங்கள். ஆறு மீட்டருக்கு மிகாத ஆழம், ஐம்பது பேருக்கு மிகாத ஆட்கள், வெடி இல்லை என்றால் கட்டடக் கல், ஜல்லி, சரளை, மணல் எடுக்கும் இடங்களுக்குச் சட்டத்தின் பெரும்பகுதி பொருந்தவில்லை. நூறு பேருக்கு மேல் இருந்தால்தான் பாதுகாப்புக் குழு என்று இருந்தது. ஐந்நூறு பேர் இருந்தால்தான் தொழிலாளர் தரப்பு ஆய்வாளர் என்று இருந்தது. பத்துப் பேர் செத்தால்தான் அரசின் புள்ளிவிவரத்தில் அது 'பேரழிவு'. 1975 டிசம்பரில் சஸ்னாலா சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 370க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது நாடே அதிர்ந்தது. டிப்பரிலிருந்து விழுகிறவர் எப்போதும் ஒருவர்தான். முப்பது பேர் வேலை செய்யும் குவாரியில், ஒப்பந்தக்காரரின் ஆளாக, எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாத ஒருவர். எல்லா எண்களுக்கும் கீழே நிற்பவர் அவர்.

கீழே நிற்பவர்களின் குரல் ஒருமுறை உச்ச நீதிமன்றத்தை எட்டியது. ஹரியானாவின் ஃபரிதாபாத் கல்குவாரிகளில் கொத்தடிமைகளாக இருந்தவர்களைப் பற்றிப் பந்துவா முக்தி மோர்ச்சா எழுதிய கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக ஏற்றது. 1983 டிசம்பரில் நீதிபதி பகவதி அளித்த தீர்ப்பு, அந்தக் கல்குவாரிகளும் சுரங்கச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவையே என்றது. அந்தத் தீர்ப்பின் உத்தரவுகளில் நாம் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. லாரிகளில் அளவுக்கு மேல் லோடு ஏற்றுகிறார்களா என்று அதிகாரிகள் திடீர் சோதனை நடத்த வேண்டும் என்பது அது. லாரிக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அதிக லோடு என்பது கூலித் திருட்டு. குவிந்து நிற்கும் அந்தக் கல்மேல் ஏறுகிறவருக்கு அதுவே உயிராபத்து. சுரண்டலும் விபத்தும் ஒரே லாரியில்தான் வருகின்றன.

விழுவதைத் தடுக்க வழி இல்லாமல் இல்லை. முதல் வழி, ஆளை மேலே ஏற்றாமலே வேலையை முடிப்பது. தரையில் நின்றபடி இயக்கும் தார்பாய் அமைப்பு இருக்கிறது, நீண்ட கைப்பிடித் துடைப்பான் இருக்கிறது. ஏறியே ஆக வேண்டும் என்றால் வண்டி பக்கத்தில் வந்து நிற்கக் கைப்பிடிக் கம்பி வைத்த மேடை, நல்ல படி, வெளிச்சம். பாதுகாப்பு பெல்ட் கடைசி வழி. அதை மாட்ட உறுதியான கொக்கி இடம் இல்லாவிட்டால் பெல்ட் வெறும் அலங்காரம். நம் குவாரிகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. ஒரு பெல்ட்டைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டு, விழுந்தால் "அவர்தான் மாட்டவில்லை" என்கிறார்கள். மேடை கட்டுவது முதலாளியின் செலவு. பெல்ட்டைக் காட்டிப் பழியைத் தொழிலாளி மேல் போட்டுவிடலாம்.

சட்டத்தை மீறியதால் உயிர் போனாலும் 1952 சட்டத்தில் அதிகபட்சத் தண்டனை இரண்டாண்டுச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்றே இருந்தது. 2020இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் குறைந்தபட்ச அபராதத்தை ஐந்து லட்சமாக்கி, அதில் பாதிக்குக் குறையாமல் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது. தொகை உயர்ந்திருக்கிறது. ஆனால் விழுந்தவர் குவாரித் தொழிலாளி என்றே பதிவாகாமல், 'சாலை விபத்து' என்றோ 'தவறி விழுந்தார்' என்றோ எழுதப்பட்டால் அந்தப் பணம் யாருக்குப் போகும்?

அதனால் தோழர்களே, அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் மாலையோடு மட்டும் போகாதீர்கள். சில கேள்விகளோடு போங்கள். அவரை மேலே ஏறச் சொன்னது யார்? ஏறாமல் செய்ய வழி இருந்ததா? மேடை இருந்ததா? அவர் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? சுரங்கப் பாதுகாப்பு ஆய்வாளருக்குத் தகவல் போனதா? ஆய்வாளர் வரும் முன் அந்த இடத்தைக் கலைத்தது யார்? முதல் தகவல் அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது?

52 பேர் செத்த பிறகு ஒரு சட்டம் வந்தது. ஒருவர் செத்தாலும் அந்தச் சட்டம் அசைய வேண்டும். அசைக்க வேண்டியவர்கள் நாம்தான்.