மைனஸ் இரண்டிலிருந்து பிளஸ் ஆறு வரை

கச்சா எண்ணெயில் கிடக்கும்வரை கந்தகத்தை யாருக்கும் பிடிக்காது. டீசலோடு எரிந்தால் காற்றைக் கெடுக்கும். அதனால் சுத்திகரிப்பு ஆலையில் ஹைட்ரஜனைச் செலுத்தி அதை வெளியேற்றுகிறார்கள். வெளியே வருவது அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு. கந்தகத்தின் ஆக்சிஜனேற்ற எண் −2.

அடுத்தது 1883இல் வேதியியலாளர் கிளவுஸ் காப்புரிமை பெற்ற முறை. வாயுவில் மூன்றில் ஒரு பங்கை எரித்து சல்பர் டை ஆக்சைடு ஆக்குகிறார்கள்; எண் +4. மீதி இரண்டு பங்கோடு அதைச் சேர்த்தால், பங்காளிச் சண்டை சமரசமான மாதிரி இரண்டும் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். மஞ்சள் கந்தகம் பிறக்கும். இன்று சந்தைக்கு வரும் கந்தகத்தில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான்.

அதில் ஒரு சிட்டிகை பள்ளி ஆய்வகத்துக்கு வருகிறது. இரும்புத் தூளோடு சூடாக்கினால் கனன்று, கறுத்து, இரும்பு சல்பைடாகும். மறுபடி −2. கிப் உபகரணத்தில் போட்டு நீர்த்த அமிலம் பட்டதும் பழைய நாற்றம் திரும்பும். நாங்கள் படித்தபோது அது வராந்தா தாண்டித் தமிழ் வகுப்புவரை போகும். நாற்றத்தைவிட, அது திடீரென்று நின்றுபோவதற்குத்தான் பயப்பட வேண்டும்: வாயு மிகுந்தால் மூக்கு மரத்துவிடும்.

இனி அந்த வாயுவை நீலநிற காப்பர் நைட்ரேட் கரைசலில் செலுத்துங்கள். மயில்துத்தம் வேண்டாம்; அதில் ஏற்கெனவே சல்பேட் இருப்பதால் கடைசியில் கணக்குக் குழம்பும். நீலம் வெளுத்து, மை கொட்டியதுபோல் காப்பர் சல்பைடு கறுப்பாக அடியில் இறங்கும். எண் இப்போதும் −2தான். பிள்ளைகள் தேர்வில் கோட்டைவிடும் இடம் இது. வீழ்படிவைக் கண்டதும் ஆக்சிஜனேற்றம் என்று எழுதிவிடுகிறார்கள். கந்தகம் இங்கே எலக்ட்ரான் எதையும் இழக்கவில்லை, கூட்டாளியைத்தான் மாற்றிக்கொண்டது.

இழப்பது அடுத்த படியில். கறுப்பை வடிகட்டி, அடர் நைட்ரிக் அமிலம் விட்டுக் கொதிக்க வைத்தால் செம்பழுப்புப் புகை கிளம்பும். (புகைபோக்கிப் பெட்டிக்குள் ஆசிரியர் செய்ய வேண்டிய வேலை.) கந்தகத்தில் கொஞ்சம் மஞ்சளாகவே மிதக்கும், மீதி எட்டு எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டு +6இல் சல்பேட்டாகக் கரையும். நீர்க்கச் செய்து, வடிகட்டி, பேரியம் குளோரைடு இரண்டு சொட்டு விட்டால் பால்போல் வெண்மையாகப் பேரியம் சல்பேட்.

இந்த வெள்ளையை ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கரைக்காது. லிட்டர் தண்ணீரில் கரைவது சுமார் 2 மில்லிகிராம்தான். கரையும் பேரியம் நஞ்சு. இது கரையாததால்தான் எக்ஸ்ரேக்கு முன் நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள்.