பின்னணியில் ஓடும் பூதங்கள்

கணினியின் பின்னணியில் ஓயாது ஓடும் நிரலை ‘டீமன்’ என்பர். 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழுவினர் சூட்டிய பெயர் இது. இயற்பியலறிஞர் மெக்ஸ்வெல் கற்பனை செய்த, மூலக்கூறுகளைத் தரம்பிரிக்கும் பூதமே இதற்கு முன்மாதிரி. கோப்புகளை நாடாவில் தானாகப் பிரதியெடுப்பது அதன் தொடக்ககாலப் பணிகளுள் ஒன்று.

1979இல் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில், ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல்லும், குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் ‘க்ரோன்’ நிரலும் இருந்தன. அதன்பின், சில வரிகள் எழுதத் தெரிந்தவர் எவரும் நள்ளிரவுப் பணியாளன் ஒருவனை உருவாக்கலாம் என்றாயிற்று. ஆனால் அவன் இடையில் நின்றுபோனால் எவரும் அறியார்.

2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் முகிற்கணினியைக் கப்பம் கோரும் தீநிரல் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான, ஏறத்தாழ 5,000 முகவரிகளின் மின்னஞ்சல்கள் அழிந்தன. இணைப்பிலிருந்த பிரதியும் பூட்டப்பட்டது. அக்காலத்துக்குரிய தனித்த பிரதி இருக்கவில்லை. பிங்கா ஓயா பெருகி அக்குறணைக் கடைகளுக்குள் புகுவதை அறிந்தவன் நான். ஒரே தளத்தில் வைத்த இரு பிரதிகளும் சேர்ந்தே நனையும்.

ஆகவே, பின்னணி ஷெல் நிரல் ஒரு கட்டளை தவறியதும் நின்றுவிட வேண்டும். பூட்டுக்கோப்பு வைத்து, தான் இருமுறை ஓடுவதைத் தடுக்க வேண்டும். முடிவைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். வெற்றியையும் நாள்தோறும் அறிவிப்பது நன்று. நிருபரிடமிருந்து வழமையான செய்தி வராதபோது ஆசிரியபீடம் தேடத் தொடங்கும். நிரலுக்கும் அந்த விதி பொருந்தும். எடுத்த பிரதியை அவ்வப்போது மீட்டுப் பார்ப்பதும் கடமையே.