கடலுக்கு விலாசம் வந்த கதை

1974 ஜூனில் இலங்கையும் இந்தியாவும் பாக்குநீரிணையில் எல்லை வகுத்தபோது ஆறு புள்ளிகளைக் குறித்தன. முதற்புள்ளி வடக்கு 10 பாகை 5 கலை, கிழக்கு 80 பாகை 3 கலை. பருத்தித்துறையில் வள்ளம் தள்ளியவருக்கு அந்த எண்களைக் கடலில் தேடிப்பிடிக்க வழியில்லை. முதல் ஜிபிஎஸ் செய்மதி மேலே போனதே 1978இல்தான்.

கரையை வைத்துத்தான் இடம் பிடித்தார்கள். வெளிச்சவீட்டை ஒரு பனங்கூடலுக்கு நேரே எடுப்பது, வேறு திசையில் கோபுரமொன்றை இன்னொரு மரத்துக்கு நேரே பார்ப்பது. இரண்டு நேரும் வெட்டுமிடத்தில் பார், அதாவது மீன் கூடும் கடலடிப் பாறை, கிடக்கும். மழை மூட்டத்தில் இது பலிக்காது. போரில் பங்கருக்கென்று பனைகளும் தறிபட்டன. சிலருக்குக் கரையே கையைவிட்டுப் போனது: 1990இல் இடம்பெயர்ந்த மயிலிட்டிக்காரருக்குத் துறைமுகமே 2017இல்தான் திரும்பக் கிடைத்தது.

ஜிபிஎஸ் அமெரிக்க இராணுவத்தின் பிள்ளை. 1983இல் வழிதவறிய கொரிய விமானத்தைச் சோவியத் சுட்டு வீழ்த்தி 269 பேர் இறந்தபின், பொதுமக்களுக்கும் அதைத் திறந்துவிடுவோம் என்றார் அமெரிக்க ஜனாதிபதி ரீகன். ஆனாலும் பொதுச் சமிக்ஞையை வேண்டுமென்றே 100 மீற்றர்வரை குழப்பி வைத்திருந்தார்கள். 2000 மே மாதத்தில் குழப்பம் நீங்கியது. சின்னப் பாரில் வலை விடுகிறவருக்கு 100 மீற்றர் சாதாரணமல்ல. யாழ்ப்பாணத்திலோ அப்போது தூரத்துக்கும் நேரத்துக்கும் மெஷின் வலுவுக்கும் கட்டுப்பாடு; 2009இல் போர் முடிந்த பிறகுதான் ஆழத்துக்குத் தாராளமாகப் போக முடிந்தது.

தொழில் நடக்கும் இடத்தைப் படமாக்குவது ஜிபிஎஸ்ஸின் அடுத்த பிறப்பு. வள்ளத்தில் கட்டிய சிறு கருவி, குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞையைக் கேட்டு இடத்தையும் நேரத்தையும் விடாமல் பதியும். ஓடும்போது தடம் நீட்டாக இருக்கும். வலை விடுகையில் வேகம் விழும், புள்ளிகள் நெருங்கும். பல வள்ளங்களின் தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் யார் எங்கே உழைக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். எல்லை தாண்டிவரும் இழுவைப்படகு வலையை அறுத்துப்போனால், "அந்தப் பக்கம்" என்று கை காட்டாமல் பாகையும் கலையுமாக முறையிடலாம். கடலடி இழுவைத் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தபின் அந்த எண்ணுக்குப் பெறுமதி கூடிவிட்டது.

ஆனால் தன் பாரைச் சொந்த மச்சானுக்கே சொல்லாதவர் கருவியை ஏன் கட்டவேண்டும்? நியாயமான தயக்கம். படம் கடற்படையின் கைக்குப் போனால், அல்லது அடுத்த ஊருக்குப் போனால்? அதனால்தான் புள்ளிகளை அப்படியே வெளிவிடாமல் பெரிய கட்டங்களாகத் திரட்டிக் காட்டும் முறை இருக்கிறது: எந்தக் கட்டத்தில் எத்தனை வள்ளம் என்று தெரியும், எந்தப் பார் என்று தெரியாது.