இரவுக் காவலனும் இரவில் அழும் குட்டியும்

புதிதாக வீட்டுக்கு வந்த நாய்க்குட்டி முதல் நாள் இரவில் விடாமல் அழும். கொடுமுடிப் பக்கத்துத் தோட்டத்துச் சாளையிலும் அழும், சென்னை அடுக்குமாடி வீட்டிலும் அழும். "நாய் என்றால் ராத்திரி காவல் காக்க வேண்டும், இது ஏன் அழுகிறது?" என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. இந்தச் சலிப்புக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

நடுகல்லில் ஒரு நாய்

தமிழ்நாட்டில் நாயின் வரலாறு கால்நடைக் காவலோடு சேர்ந்தே வருகிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு நடுகல் உள்ளது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நடப்பட்ட கல் இது. அதில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டு அதைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறது. கர்நாடகத்தின் ஆதகூரிலும் 10ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று, காட்டுப்பன்றியோடு போராடி இறந்த காளி என்ற வேட்டை நாயை நினைவுகூர்கிறது.

கோயிலிலும் இதே எண்ணம்தான். இரவில் நடை சாத்தியதும் சாவியைப் பைரவர் சன்னதியில் வைக்கும் வழக்கம் பல சிவாலயங்களில் உண்டு. பைரவரின் வாகனம் நாய் என்பது எல்லோரும் அறிந்ததே.

பட்டியில் வளர்ந்த குட்டி

13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்கால் பவானியில் தொடங்கிக் கொடுமுடி அருகே முடிகிறது. வாய்க்கால் பாயும் பகுதியில் மஞ்சளும் கரும்பும் விளைகின்றன. மேற்கே வெள்ளகோவில், காங்கேயம் பக்கம் போனால் நிலம் வறண்டுவிடும். அங்கே கிளுவை வேலி போட்ட கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல் மேயும் ஆடு மாடுகள்தான் சொத்து. வீடுகளும் ஊருக்குள் நெருக்கமாக இல்லாமல் தோட்டத்துக்கு ஒன்றாகத் தள்ளித் தள்ளி இருக்கும். ஆகவே இரவில் பட்டிக்கு நாய் அவசியம்.

அந்தக் குட்டி தனியாக இருந்ததில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பக்கத்தில் கட்டுத்தறி, பட்டியில் ஆடுகள், வாசலில் கயிற்றுக் கட்டிலில் ஆட்கள். மூச்சுச் சத்தமும் வாசமும் இரவு முழுக்கச் சுற்றி இருந்தன. அமெரிக்காவில் கோப்பிங்கர் தம்பதியர் 1970களின் பிற்பகுதியில் காவல் நாய்களைப் பற்றி ஆராய்ந்தபோது, சிறு வயதிலேயே ஆடுகளோடு விடப்படும் குட்டி அந்த மந்தையையே தன் குடும்பமாக ஏற்றுக்கொள்ளும் என்று விளக்கினார்கள். பட்டியில் நடந்ததும் இதுதான்.

அழுகையின் காரணம்

ஸ்காட், புல்லர் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1965இல் வெளியிட்ட நூல், குட்டிகள் 3 முதல் 12 வாரத்துக்குள் உறவுகளை அமைத்துக்கொள்கின்றன என்று காட்டியது. 1998இல் ஹங்கேரியின் தோப்பால் குழுவினர், தாயிடம் குழந்தை காட்டும் பற்றை அளக்கும் சோதனையை நாய்களுக்கு வைத்துப் பார்த்தார்கள். நாய் தன் எஜமானரிடம் காட்டுவதும் அதைப் போன்ற பற்றுதான் என்று தெரிந்தது. 2001இல் வெளியான இன்னொரு ஆய்வு இன்னும் வியப்பானது. காப்பகத்தில் இருந்த பெரிய நாய்கள்கூட, ஒருவர் மூன்று முறை பத்துப் பத்து நிமிடம் பழகியதுமே அவரிடம் பற்றுக் காட்டத் தொடங்கின!

ஆக, முதல் இரவின் அழுகை அடம் அல்ல. உறவைத் தொலைத்த ஓர் உயிர் கொடுக்கும் குரல் அது.

தத்தெடுப்பு வந்த பிறகு

சென்னையில் 1959இல் புளூ கிராஸ் தொடங்கப்பட்டது. 1996இல் சென்னை மாநகராட்சி தெருநாய்களைக் கொல்வதை விட்டுக் கருத்தடைக்கு மாறியது. 2001இல் மத்திய அரசு இதற்கு விதிகள் வகுத்தது. 2023இல் புதிய விதிகள் வந்தன. காப்பகத்திலிருந்தும் தெருவிலிருந்தும் நாட்டு நாய்களைத் தத்தெடுக்கும் பழக்கமும் பரவியது. ஆனால் பட்டியில் கிடைத்த துணை நகரத்து மொட்டை மாடியிலும் கார் ஷெட்டிலும் கிடைப்பதில்லை.

செய்ய வேண்டியது எளிது. முதல் சில இரவுகள் குட்டியின் படுக்கையை ஆள் தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் போட வேண்டும். முன்பு இருந்த இடத்துச் சாக்கோ துணியோ கிடைத்தால் அதையே விரிக்கலாம். படுக்கும் முன் வெளியே கூட்டிப்போய் வர வேண்டும். நடு இரவில் எழுந்தால் வெளியே விட்டுவிட்டு, விளையாட்டுக் காட்டாமல் திரும்பப் படுக்க வைக்க வேண்டும். அடிக்கக் கூடாது. பழகிய பிறகு படுக்கையைச் சிறிது சிறிதாக நிரந்தர இடத்துக்கு நகர்த்தலாம்.

இது ஏதோ செல்லம் கொடுக்கும் விஷயம் மட்டும் அல்ல. 2024, 2025 ஆண்டுகளில் காங்கேயம், வெள்ளகோவில் பகுதிகளில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றன. விவசாயிகள் இறந்த ஆடுகளோடு சாலையில் அமர்ந்து போராடினார்கள். 2025இல் தமிழக அரசு இழப்பீடு அறிவித்தது. வளர்க்க முடியவில்லை என்று வீதியில் விடப்படும் நாய்களும் இப்படித் திரியும் கூட்டத்தில்தான் போய்ச் சேருகின்றன. கோவிவன் காத்த அதே மந்தையை இன்று நாயிடமிருந்தே காக்க வேண்டியிருக்கிறது. அழும் குட்டியை முதல் வாரம் பொறுத்துக்கொள்ளும் வீடு, எங்கோ ஒரு பட்டியையும் சேர்த்தே காக்கிறது எனலாம்.