ரத்தத் தூசி – 4: கொக்கிகள் எங்கே போயின?

சென்ற வாரம் ஒரு பெயரில் நிறுத்தியிருந்தோம். தட்டணுக்களிலிருந்து உதிரும் நுண்துகள்களுக்கு 1967இல் பீட்டர் வுல்ஃப் 'தட்டணுத் தூசி' என்று பெயர் வைத்தார். தூசி என்று பெயர் விழுந்துவிட்டால் யார் குனிந்து பார்ப்பார்கள்?

ஒருவர் பார்த்தார். கனடாவின் மான்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் பேராசிரியர் ரோஸ் ஜான்ஸ்டோன். போலந்தில் பிறந்து, சிறுமியாகக் கனடாவுக்கு வந்தவர். அவரும் அவருடைய ஆய்வகத்தில் இருந்த பின்-டாவ் பானும் தேடியது புற்றுநோயை அல்ல. காணாமல் போன ஒரு புரதத்தை.

முதிராத சிவப்பணுவின் மேல்தோல் முழுக்க இரும்பைப் பிடித்து இழுக்கும் கொக்கிகள் இருக்கும். டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி என்பது அவற்றின் பெயர். சிவப்பணு முதிர்ந்ததும் ஒரு கொக்கியும் மிஞ்சுவதில்லை. செல் தனக்குள்ளேயே செரித்துவிடுகிறதா?

செம்மறியாடுகளிடமிருந்து ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் குறைந்தால் எலும்பு மஜ்ஜை அவசரமாக முதிராத சிவப்பணுக்களை அனுப்பும். அவற்றைக் கரைசலில் முதிரவிட்டு, செல்களை நீக்கி, மிஞ்சிய கரைசலைப் புவியீர்ப்பைப்போல் 1,00,000 மடங்கு விசையில் சுழற்றினார்கள். குழாயின் அடியில் சிறு படிவு தங்கியது. காணாமல் போன கொக்கிகள் அதில் இருந்தன! எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தப் படிவு குட்டிக் குட்டிக் குமிழிகளாகத் தெரிந்தது. ஒவ்வொன்றும் சுமார் 50 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

இந்த முடிவு வெளிவந்த அதே 1983இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஹார்டிங், ஹியூசர், ஸ்டால் மூவரும் எலியின் முதிராத சிவப்பணுவில் இதையே கண்டார்கள். செல்லுக்குள் ஒரு பை, பைக்குள் குமிழிகள். பை செல்சவ்வோடு ஒட்டித் திறந்து அவற்றை வெளியே கொட்டுகிறது. 1987இல் ஜான்ஸ்டோன் இவற்றுக்கு 'எக்சோசோம்' என்று பெயரிட்டார்.

பெயர் கிடைத்தது, மதிப்பு கிடைக்கவில்லை. செல் வேண்டாததை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான் என்றார்கள். ஜான்ஸ்டோனும் அப்படித்தான் எண்ணினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிவப்பணுவைப் பொறுத்தவரை அது சரியான விடைதான்.

2007இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஹாதி வாலாதியும் யான் லொட்வாலும் குமிழிகளைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஆர்.என்.ஏ. இருந்தது! சுண்டெலிச் செல்லின் குமிழிகளை மனிதச் செல்லிடம் கொடுத்தபோது, மனிதச் செல் சுண்டெலியின் புரதங்களைத் தயாரித்தது. குப்பை இப்படிப் பேசுமா?

அப்படியானால் புற்றுக்கட்டி அனுப்பும் குமிழியில் என்ன எழுதியிருக்கும்? பாஸ்டனில் யோஹான் ஸ்கோகும் சாண்ட்ரா பிரேக்ஃபீல்டும் கேட்ட கேள்வி அதுதான். அவர்கள் எடுத்துக்கொண்டது கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைக்கட்டி. அதன் மரபணுவைப் படிக்க மண்டையோட்டைத் திறக்க வேண்டும். வீட்டில் ஒருவர் அறுவைப் படுக்கையில் கிடந்திருந்தால் 'திறக்க' என்ற அந்தச் சொல்லின் பாரம் தெரியும். சில கட்டிகளில் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுச் செய்தியில் 801 எழுத்துகள் வெட்டுப்பட்டிருக்கும். அந்த வெட்டு ரத்தக் குமிழியில் கிடைத்தால், கத்தி படாமலே கட்டியின் கையெழுத்து கைக்கு வந்துவிடும்.

25 நோயாளிகளின் ரத்தச் சீரத்தை எடுத்துக் குமிழிகளைப் பிரித்தார்கள். எத்தனை பேரிடம் அந்த வெட்டு இருந்தது? அடுத்த வாரம் சொல்கிறேன். 25 அல்ல என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

(தொடரும்)